பம்ப் வைத்திருப்பவர் பின்னால் வரவும்

ராஜபாளையம்
14 ஜூலை 2025

மாப்ள வில்சனுக்கு வேல்பாண்டி எழுதுவது.

போனில் என்னை பிளாக் செய்துவிட்டாய். வாட்ஸ்அப் குழுவை விட்டும் போய்விட்டாய். நாம் இரண்டே பேர் இருந்த குழு அது. இப்போது அதில் தலைவரும் நானே, பொதுமக்களும் நானே. நேற்று காலை வணக்கம் போட்டுவிட்டு நானே பார்த்துக்கொண்டேன். ஆனால் நீ ஸ்ரீவில்லிபுத்தூர் தபால் ஆபீஸ் கவுண்ட்டரில் உட்கார்ந்திருக்கிற ஆள். போனை பிளாக் செய்யலாம், தபாலை எப்படிச் செய்வாய்? அந்தத் தைரியத்தில்தான் இந்த இன்லேண்ட் லெட்டர்.

சண்டையைப் பற்றி எழுதப்போவதில்லை. எனக்கு வேண்டியது ஒரு யோசனை. சைக்கிளில் எடுத்துப்போகிற மாதிரிச் சின்னதாக ஒரு பம்ப் வாங்கப்போகிறேன். பழசுக்கு என்ன குறை என்று கேட்பாய். பழசு நல்லதுதான். ஆனால் டயரில் அறுபது பாயிண்ட் ஏறுவதற்குள் அடிக்கிறவன் பாதி ஆளாகிவிடுகிறான். அதிகம் அழுத்தக் கூடாது, அதிகம் குனியக் கூடாது, காற்று மட்டும் ஏற வேண்டும். அப்படி ஒன்று இருக்கிறதா? கடைக்காரரைக் கேட்டால் கடையில் இருப்பதைத்தான் நல்லது என்பார். இந்த விஷயத்தில் உன்னை விட்டால் எனக்கு ஆள் கிடையாது.

அன்றைக்கு நான் வத்திராயிருப்போடு திரும்பிவிட்டது வயிற்று வலியால். அதை மட்டும் சொல்லிவிடுகிறேன். நீ அணை வரை போய்விட்டு நேரத்துக்கு வீடு சேர்ந்திருப்பாய், ஜெனிலாவின் விசேஷம் நல்லபடியாக நடந்திருக்கும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு நாள் கழித்து உன் மெசேஜைப் பார்த்த பிறகுதான் விவரம் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமைகள் சும்மா கிடக்கின்றன மாப்ள. மறுபடியும் உன்னோடு சேர்ந்து ஓட்ட வேண்டும். அதற்குத்தான் பம்ப்.

வேல்பாண்டி


ஸ்ரீவில்லிபுத்தூர்
18 ஜூலை 2025

திரு. வேல்பாண்டி அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. திருப்பி அனுப்ப நினைத்தேன். கொண்டுவந்து கொடுத்தவர் என் பக்கத்து மேசைக்காரர் என்பதால் முடியவில்லை.

வயிற்று வலி என்று எழுதியிருக்கிறீர்கள். நடந்ததை நான் எழுதுகிறேன், சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஜூன் 29, ஞாயிறு. என் மகள் ஜெனிலாவுக்குத் திடப்படுத்தல் ஆராதனை. பேராயர் வந்து பிள்ளைகள் தலையில் கைவைத்து ஜெபிக்கும் நாள். ஒரு பிள்ளைக்கு ஆயுளில் ஒரு தடவைதான். பிள்ளையின் பெயரை வாசிக்கும்போது தாயும் தகப்பனும் எழுந்து நிற்பது எங்கள் சபையின் வழக்கம். ஆராதனை ஒன்பதரைக்கு. விடியுமுன் கிளம்பிப் பிளவக்கல் அணை வரை போய்விட்டு எட்டு மணிக்குள் வீட்டுக்கு வந்துவிடலாம் என்று நாம் இருவரும் சேர்ந்துதான் கணக்குப் போட்டோம். "இன்னைக்கு ஒரு நாளாவது அந்தச் சைக்கிளைத் தொடாம இருக்கப்படாதா?" என்று என் மனைவி கிருபாபாய் கேட்டாள். நான் காதில் வாங்கவில்லை.

கூமாப்பட்டியைத் தாண்டி அணைக்குப் போகும் வழியில் பின்சக்கரம் பஞ்சர். மாற்று டியூப் என்னிடம் இருந்தது. டயரைக் கழற்றினேன், டியூபை மாற்றினேன், மாட்டினேன். காற்று மட்டும்தான் இல்லை. நம் இருவருக்கும் ஒரே பம்ப். அதை வைத்திருப்பவர் பின்னால் வர வேண்டும். முன்னால் போகிறவனுக்கு என்ன ஆனாலும் எப்படியும் வந்து சேர்ந்துவிடுவார். இது நாமே போட்ட சட்டம். அன்று பம்ப் உங்கள் முறை. ஆகவே வருவீர்கள் என்று உட்கார்ந்திருந்தேன். போகிற வண்டி எதையும் நிறுத்தவில்லை. நேரமெல்லாம் அதில்தான் போயிற்று. பக்கத்துத் தென்னந்தோப்புக்காரர் இரக்கப்பட்டு அவர் வீட்டுப் பம்பைக் கொண்டுவந்தார். அது பழைய சைக்கிள் வால்வுக்கானது, என் டியூபின் மெல்லிய வால்வில் உட்காரவில்லை. இரண்டையும் பொருத்துகிற பித்தளைத் துண்டு உங்கள் பையில். உங்கள் போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

கூமாப்பட்டி வரை சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து ஒரு பால் வேனில் ஏறினேன். வத்திராயிருப்பில் உங்கள் சைக்கிள் டீக்கடை வாசலில் பூட்டி நின்றது. பம்ப் அதில் அழகாக மாட்டியிருந்தது. கடைக்காரரைக் கேட்டேன். "அவரா? சொன்ன டீயைக்கூட குடிக்காம பஸ் ஏறிப் போயிட்டாரே" என்றார்.

நான் ஆலயத்துக்குள் போனபோது கைவைப்பு முடிந்து பிள்ளைகள் தங்கள் இடத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். என் கையெல்லாம் கிரீஸ்.

ஆகவே, இனிமேல் சேர்ந்து ஓட்டுவது பற்றி எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
எ. வில்சன்

பின்குறிப்பு: எந்தப் பம்பை வாங்கினாலும் வால்வில் நேராகச் செருகி அடிக்கிற மாதிரியை வாங்க வேண்டாம். அடிக்கும்போது கை ஆடும், மெல்லிய வால்வின் முனை ஒடிந்துவிடும். சின்னதாக ரப்பர் குழாய் வைத்த மாதிரிதான் நல்லது. இதை உங்களுக்காக எழுதவில்லை. ஒரு வால்வு வீணாவதை என்னால் பொறுக்க முடியாது.


ராஜபாளையம்
23 ஜூலை 2025

மாப்ள,

கடிதத்தைப் படித்துத் தலையைத் தொங்கப்போட்டேன். பின்குறிப்பைப் படித்து நிமிர்ந்தேன். கோபத்தில் இருக்கும்போதும் உனக்கு வால்வு மேல் இருக்கிற பாசம் போகாது என்று எனக்குத் தெரியும்.

நீ எழுதியதில் ஒன்றும் தப்பில்லை. பம்ப் என்னிடம் இருந்தது, நான் வரவில்லை. நீ சாலையோரம் உட்கார்ந்திருந்ததை நினைத்தால் எனக்கே என்னை அறைய வேண்டும் போல இருக்கிறது. ஜெனிலாவிடம் மாமா மன்னிப்புக் கேட்டான் என்று சொல். நேரில் வந்து கேட்கிற அளவுக்கு எனக்கு முகம் இல்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். தளவாய்புரத்தில் நம்ம நைட்டி கம்பெனியில் கட்டிங் மாஸ்டர் குருசாமி இருக்கிறாரே, அவர் மோட்டார் பைக்குக்கு ஒரு பேட்டரி பம்ப் வாங்கி வைத்திருக்கிறார். பெரிய சோப்பு டப்பா அளவுதான் இருக்கும். குழாயை மாட்டி, எவ்வளவு காற்று வேண்டும் என்று அதில் எண்ணைப் போட்டுப் பொத்தானை அமுக்கினால் அதுவே அடித்து அதுவே நின்றுவிடுகிறது. நாம் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தால் போதும். "கைப்பம்பெல்லாம் இப்ப எவன்ணே அடிக்கான்?" என்கிறார். நம் மெல்லிய வால்வுக்கும் மூக்கு தருகிறார்களாம். நீ என்ன சொல்கிறாய்? கையால் அடிப்பது எனக்கு இனிமேல் சரிப்பட்டு வராது. முதுகு பிடித்துக்கொள்கிறது.

நம் பழைய பம்ப் பத்திரமாக இருக்கிறது. சைக்கிளை வத்திராயிருப்பிலிருந்து லோடு ஆட்டோவில் வரவழைத்துவிட்டேன்.

வேல்பாண்டி


ஸ்ரீவில்லிபுத்தூர்
31 ஜூலை 2025

திரு. வேல்பாண்டி அவர்களுக்கு,

ஆடிப்பூரத் தேரோட்டக் கூட்டத்தில் ஊரே நிரம்பிக் கிடந்தது. அதனால் பதில் தாமதம். வேறு காரணம் எதுவும் இல்லை.

முதல் கடிதத்தில் வயிறு. இரண்டாவது கடிதத்தில் முதுகு. மூன்றாவதில் முழங்கால் வரும் என்று எதிர்பார்க்கிறேன். போன வருஷம் அய்யனார் கோயில் பாதையில், "எவன் நிறுத்தாம அடிக்கான்னு பாப்பமா?" என்று என்னிடம் பந்தயம் கட்டி, இரண்டு சக்கரத்துக்கும் ஒரே மூச்சில் காற்றடித்துவிட்டு மீசையைத் தடவினவர் நீங்கள். அந்த ஆளுக்குப் பொத்தான் அமுக்குகிற பம்ப் எதற்கு?

கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். பேட்டரி பம்ப் வீட்டுக்கு நல்லது. வழிக்கு நல்லதில்லை. ஒரு சக்கரம் நிறைவதற்குள் கொதிக்கும், ஆறவைக்க வேண்டும். சார்ஜ் போட மறந்தால் அது வெறும் செங்கல். நீங்கள் மறப்பீர்கள். கேஸ் குப்பி என்று ஒன்றும் விற்கிறார்கள். சக்கரம் ஒரு நொடியில் நிறையும், இரண்டாவது பஞ்சருக்குக் கையில் ஒன்றும் இருக்காது. கைப்பம்பில் இரண்டு வகை. குழல் பருமனாக இருந்தால் சீக்கிரம் நிறையும், ஆனால் கடைசியில் உடம்பு முழுவதையும் போட்டு அழுத்த வேண்டும். குழல் ஒல்லியாக இருந்தால் நிறைய அடி அடிக்க வேண்டும், ஆனால் கை வலிக்காது. நம் டயருக்கு ஒல்லிதான் சரி. ரப்பர் குழாயும், காலால் மிதித்துக்கொள்ள ஒரு சின்னக் கம்பியும் இருந்தால் தரையில் நிறுத்தி அடிக்கலாம். முதுகு வலிக்காரருக்கும் அது போதும், முதுகு வலி உண்மையாக இருந்தால்.

மன்னிப்பை ஜெனிலாவிடம் சொல்லவில்லை. கிருபாபாய் நாலு நாள் பேசாமல் இருந்துவிட்டுச் சரியாகிவிட்டாள். ஜெனிலா ஒரு வாரம் கழித்துச் சாப்பிடும்போது, "பேரு வாசிக்கையில நான் திரும்பிப் பாத்தேம்ப்பா. அம்மா மட்டும் நின்னாங்க" என்றாள். சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். திட்டியிருந்தால் தேவலை.

இதற்கெல்லாம் யாரிடம் போய்க் கேட்பது? மன்னிப்பு எனக்கு வேண்டாம். நீ எதற்காகத் திரும்பிப் போனாய், அதைச் சொல். வயிறு, முதுகு எல்லாம் வேண்டாம்.

எ. வில்சன்


ராஜபாளையம்
8 ஆகஸ்ட் 2025

மாப்ள,

கோபத்தில் 'நீ' என்று எழுதிவிட்டாய். கவனித்தேன். சந்தோஷம்.

உன் பேச்சைக் கேட்காமல் பேட்டரி பம்பை வாங்கிவிட்டேன். மொட்டை மாடியில் வைத்துச் சோதனை செய்தேன். அது போட்ட சத்தத்தில், "ஏன் மிக்ஸியைத் தூக்கிட்டு மாடிக்குப் போனிய?" என்று என் வீட்டுக்காரி பாண்டிசெல்வி கீழேயிருந்து கத்தினாள். ஒரு சக்கரம் நன்றாக நிறைந்தது. இரண்டாவது பாதியில் நீ சொன்ன மாதிரியே கொதித்தது. விசிறியால் வீசிவிட்டேன். நீ பார்த்திருந்தால் ஒரு வாரம் சிரித்திருப்பாய்.

கொதித்தால் கொதிக்கட்டும் மாப்ள. என்னால் பம்பைத் தூக்கிக்கொண்டு பின்னால் வர முடியும் என்று ஆக வேண்டும், அவ்வளவுதான் எனக்கு. முன்னால் போகிறவனுக்குப் பஞ்சர் ஆனால் நான் வந்து காற்றடித்துக் கொடுக்க வேண்டும். அது முடியாதென்றால் நீ என்னைக் கூட்டிக்கொண்டு போவதில் என்ன அர்த்தம் இருக்கிறது?

ஏன் திரும்பினேன் என்று கேட்டிருக்கிறாய். சொல்லக் கூடாது என்றில்லை. சொன்னால் நீ வேறு ஆளாக ஆகிவிடுவாய். "பாத்து மாப்ள, மெதுவா மாப்ள" என்று ஆரம்பிப்பாய். இப்போது என்னைத் திட்டுகிறாய் பார், அது எனக்குப் பிடித்திருக்கிறது. கொஞ்ச நாள் இப்படியே திட்டிக்கொண்டிரு.

வருகிற 17ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலையில் புதுப் பம்போடு வருகிறேன். மடவார்வளாகம் டீக்கடையில் ஆறு மணிக்கு நிற்பேன். உனக்கு மனமிருந்தால் வா. இல்லாவிட்டால் டீயைக் குடித்துவிட்டுத் திரும்பிவிடுகிறேன்.

வேல்பாண்டி


ஸ்ரீவில்லிபுத்தூர்
18 ஆகஸ்ட் 2025

வேல்பாண்டிக்கு,

நேற்று மடவார்வளாகம் டீக்கடையில் நின்றேன். உனக்காக இல்லை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு இரண்டு டீ குடித்தேன். ஏழு மணி வரை நீ வரவில்லை. ஒரே ஆள் இரண்டாவது தடவையும் என்னைச் சாலையில் காக்கவைக்கிறான் என்றால் எப்படி இருக்கும்? நேராக ராஜபாளையத்தைப் பார்த்து மிதித்தேன். எதிர்க்காற்று முகத்தில் அறைந்தது. உன்னிடம் கேட்க வேண்டியதை எல்லாம் வழி நெடுக மனப்பாடம் செய்துகொண்டு வந்தேன்.

பாண்டிசெல்வி கதவைத் திறந்தாள். "வாங்கண்ணே! அவிய மாத்திரை போட்டுட்டு இப்பத்தான் கண்ணசந்தாவ. காலையில சைக்கிளை எடுக்கப் பாத்தாவ, நான் சாவியை ஒளிச்சு வச்சிட்டேன். டாக்டர் அடுத்த மாசம்தான ஓட்டணும்னு சொல்லியிருக்காரு" என்றாள்.

என்ன டாக்டர், என்ன மாத்திரை என்று எனக்குப் புரியவில்லை. உட்காரச் சொன்னாள், உட்கார்ந்தேன். காபி கொண்டுவந்து வைத்தாள். வைத்துவிட்டு அழ ஆரம்பித்தாள்.

"எம்புட்டு நாளா உங்களுக்குப் போன் பண்ணணும்னு இருந்தேன் தெரியுமா? அவியதான், 'வில்சனுக்கு ஆபீஸ்ல இன்ஸ்பெக்‌ஷன், தொந்தரவு பண்ணாத'ன்னு தடுத்துட்டாவ. அன்னைக்கு நெஞ்சைப் பிடிச்சிட்டு உக்காந்தவியள நீங்க பால் வேன்ல ஏத்திக் கொண்டாந்து சேக்கலைன்னா என் கதி என்ன ஆயிருக்கும்? மதுரையில ஸ்டென்ட் வச்ச டாக்டரே, 'நேரத்துக்கு வந்தீங்க, பொழச்சீங்க'ன்னு சொன்னாரு. புள்ளைக்குக் கோயில்ல விசேஷம்னு தெரிஞ்சும் அதை விட்டுட்டு வந்தீயளே அண்ணே! அந்தப் புள்ளைகிட்ட நான் என்னன்னு சொல்லி மன்னிப்புக் கேப்பேன்?"

நான் செய்யாத காரியத்துக்கு நன்றி. நான் ஏற்றாத வேன். அந்த நேரத்தில் நான் கூமாப்பட்டிக்கு அப்பால் ஒரு தென்னை மரத்தடியில் உட்கார்ந்து உன்னைக் கண்டபடி திட்டிக்கொண்டிருந்தேன். அதை அவளிடம் எப்படிச் சொல்வது? காபியைக் குடித்தேன். கதவிடுக்கு வழியாக நீ தூங்குவதைப் பார்த்தேன். மெலிந்துபோயிருக்கிறாய். எழுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

எனக்கு உன் மேல் இருக்கிற கோபம் போகவில்லை. காரணம்தான் மாறியிருக்கிறது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். உன்னை அந்த நிலையில் தனியாகப் பஸ் ஏறவிட்டுவிட்டு, ஒரு மாதமாக உனக்குப் பம்பின் குழல் பருமனைப் பற்றிப் பாடம் எடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். எனக்கு அசிங்கமாக இருக்கிறது.

இன்னொன்று. அன்று ஆராதனைக்கு நேரமாகிவிடும் என்று நான் வேகமாக மிதித்தேன். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் வருபவன் என்ன செய்ய வேண்டும் என்று சட்டம் போட்டோமே, பின்னால் வருபவனுக்கே ஏதாவது ஆனால் யார் பார்ப்பது என்று யோசிக்கவே இல்லை. இரண்டு பேரும் சேர்ந்து போட்ட சட்டம், இரண்டு பேருக்கும் அது தோன்றவில்லை.

பாண்டிசெல்வியிடம் உண்மையை நீயே சொல்லிவிடு. இந்த மாதம் முடியும்வரை பார்ப்பேன். அதற்குள் சொல்லாவிட்டால் நான் வந்து சொல்வேன். அந்தக் காபி எனக்கு இன்னும் செரிக்கவில்லை.

வில்சன்


ராஜபாளையம்
23 ஆகஸ்ட் 2025

மாப்ள,

எழுந்தபோது நீ வந்துபோனதைப் பாண்டிசெல்வி சொன்னாள். கடிதம் வரும் என்று தெரியும். பயந்துகொண்டேதான் பிரித்தேன்.

வத்திராயிருப்பு நெருங்கும்போதே நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி இருந்தது. இடது கை மரத்துப்போயிற்று. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன், சரியாகவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் நின்றுகொண்டிருந்தது, ஏறிவிட்டேன். நீ கூப்பிட்டால் என் குரலிலேயே கண்டுபிடித்துவிடுவாய் என்று போனை அணைத்தேன். பம்பைப் பற்றிய நினைப்பே எனக்கு வரவில்லை. உனக்குப் பஞ்சர் ஆகும் என்று நான் கண்டேனா?

பஸ் உங்கள் ஆலயத்து வாசலைத் தாண்டித்தான் போனது. பந்தல் போட்டிருந்தார்கள். வெள்ளைப் பாவாடையில் நாலைந்து பிள்ளைகள் நின்றார்கள். இறங்கிக் கிருபாபாய் தங்கச்சியிடம் சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். சொன்னால் அவள் விசேஷத்தை விட்டுவிட்டு என்னைத் தூக்கிக்கொண்டு ஓடுவாள். ஆயுளில் ஒரு தடவை வருகிற நாள், என்னால் கெட வேண்டாம் என்று அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஸ்டாண்டில் இறங்கி ஆட்டோ பிடித்து நானே ஆஸ்பத்திரிக்குப் போனேன், அவர்கள் மதுரைக்கு அனுப்பினார்கள். கடைசியில் என்னால்தான் கெட்டது. இதை நினைத்து ஆஸ்பத்திரியில் நான் அழுதேன் மாப்ள. நர்ஸ் வலியென்று நினைத்து ஊசி போட வந்துவிட்டாள்.

நீ என்னைக் கொண்டுவந்து சேர்த்ததாகப் பாண்டிசெல்வியிடம் நான்தான் சொன்னேன். பால் வேன் மட்டும் பிறகு உன் கடிதத்தைப் படித்துச் சேர்த்துக்கொண்டது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தனியாகப் பஸ்ஸில் வந்தேன் என்று தெரிந்தால் அன்றைக்கே சைக்கிளை விற்றிருப்பாள். வில்சன் கூட இருந்தான் என்று சொன்னதால்தான் அது இன்னும் வீட்டில் நிற்கிறது. ஊரில் மற்றவர்களிடம் திருப்பூருக்குத் துணி எடுக்கப் போனதாகச் சொல்லிவைத்தேன்.

டாக்டர் ஓட்டலாம் என்கிறார். சமதரையில், மூச்சு வாங்காமல், பேசிக்கொண்டே போகிற வேகத்தில். கையை வைத்துத் தம்பிடித்து எதையும் அழுத்தக் கூடாதாம். பேட்டரி பம்ப் வாங்கியது அதனால்தான். வேறு சோம்பேறித்தனம் ஒன்றும் இல்லை.

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. பாண்டிசெல்வியிடம் சொன்னதையே ஜெனிலாவிடமும் சொல்லிவிடேன். மாமாவைக் காப்பாற்றப் போனதால்தான் வர முடியவில்லை என்று சொன்னால் பிள்ளை மனசு ஆறும். நான் எந்தக் கோயிலிலும் வந்து சாட்சி சொல்கிறேன். உனக்கு நல்லது, எனக்கும் சைக்கிள் மிஞ்சும்.

வேல்பாண்டி


ஸ்ரீவில்லிபுத்தூர்
2 செப்டம்பர் 2025

மாப்ள,

நீ கேட்டதைச் செய்யலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். ஆசையாகத்தான் இருந்தது. அவள் முகம் தெளிவதைப் பார்க்க எனக்கு மட்டும் கசக்குமா? ஆனால் அந்தத் தென்னை மரத்தடி என் கண்ணை விட்டுப் போகவில்லை. ஜெனிலாவை உட்காரவைத்து நடந்ததைச் சொன்னேன். மாமா வத்திராயிருப்பில் நெஞ்சு வலியோடு உட்கார்ந்திருந்தார், அப்பா காற்றில்லாத டயரோடு உட்கார்ந்திருந்தேன், ஒருவருக்கு ஒருவர் தெரியாது, அம்மா சொன்னதை அப்பா கேட்டிருந்தால் இரண்டும் நடந்திருக்காது என்று சொன்னேன்.

கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "மாமா பஸ்ல தனியாவா போனாங்க?" என்றாள். ஆமாம் என்றேன். "யாரும் கூட இல்லையா?" என்று மறுபடியும் கேட்டாள். பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள். சர்ச்சில் கொடுத்த ஜெபப் புத்தகத்தில் உன் பெயரை எழுதி வைத்திருக்கிறாள் என்று கிருபாபாய் சொன்னாள்.

நீயும் சொல்லிவிட்டாய் என்பது எனக்குத் தெரியும். சனிக்கிழமை பாண்டிசெல்வி போன் செய்தாள். எடுத்த எடுப்பில் உன்னைத் திட்டினாள், பிறகு என்னைத் திட்டினாள். "காபியை வாங்கிக் குடிச்சிட்டு வாயைத் தொறக்காம போனீயளே!" என்றாள். சைக்கிளுக்கு ஆள் பார்த்துவிட்டதாகவும் சொன்னாள். பிறகு மெதுவாக, "அவியளுக்கு அதை விட்டா வேற என்னண்ணே இருக்கு? நான் ஒண்ணே ஒண்ணுதான் கேக்கேன். நீங்க அவியளுக்குப் பின்னாலயே வருவீயளா?" என்றாள்.

வருவேன் என்று சொல்லியிருக்கிறேன். ஆகவே சட்டம் திருத்தப்படுகிறது.

ஒல்லிக் குழல் பம்ப் ஒன்று வாங்கிவிட்டேன். ரப்பர் குழாய் உண்டு, மிதிக்கக் கம்பி உண்டு, சோதித்துப் பார்த்தாயிற்று. இரண்டு சக்கரத்துக்கும் அடித்தேன், கை வலிக்கவில்லை. உன் பேட்டரி பம்ப் வீட்டிலேயே இருக்கட்டும். கிளம்புமுன் அதில் அடித்துக்கொள், சூடானால் தங்கச்சி விசிறுவாள். பித்தளைத் துண்டை மட்டும் மறக்காமல் கொண்டுவா. அது இனிமேல் என் பையில் இருக்க வேண்டியது.

பழைய பம்பையும் கொண்டுவா. அதை அந்தத் தென்னந்தோப்புக்காரருக்கு ஒரு நாள் கொண்டுபோய்க் கொடுக்கலாம். மெல்லிய வால்வுக்காரன் வேறு எவனாவது அங்கே மாட்டுவான்.

வருகிற ஞாயிறு, ஏழாம் தேதி, உன் வீட்டுக்கே வருகிறேன். அங்கிருந்து சேத்தூர் வரை போய்த் திரும்பலாம், மேடு கிடையாது. ஆராதனைக்குள் நான் திரும்பியாக வேண்டும். கிருபாபாயிடம் கேட்டுவிட்டேன், இந்தத் தடவை பதிலையும் காதில் வாங்கினேன்.

பம்ப் என்னிடம். அதனால் நீ முன்னால் போ. எவ்வளவு மெதுவாகப் போனாலும் முந்த மாட்டேன். வாயை வைத்துக்கொண்டு சும்மாவும் வர மாட்டேன், திட்டிக்கொண்டேதான் வருவேன். சத்தம் கேட்காவிட்டால் மட்டும் திரும்பிப் பார். மற்றபடி பின்னால்தான் இருப்பேன்.

மாப்ள
வில்சன்